வேற பைக்கோட ஸ்விங் ஆர்ம் மாட்டலாமா? - 25 மி.மீ. மாற்றம் பிரேக் முதல் ஆர்.சி. வரை என்னென்ன செய்யும்?

மாலை ஷிஃப்ட் முடியும் நேரம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் ஊர்களில் ஷூ கம்பெனி கேட்டுகள் திறக்கின்றன. கம்பெனி பஸ்கள் ஒரு பக்கம், ஷேர் ஆட்டோக்கள் ஒரு பக்கம். நடுவில் நூற்றுக்கணக்கான பைக்குகள். பெரும்பாலும் 100 சிசி, 125 சிசி, மிஞ்சினால் 150 சிசி. பின் சீட்டில் மனைவியோ, அக்காவோ, அம்மாவோ. இந்தப் பகுதி ஷூ கம்பெனிகளில் தையல், அப்பர் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்.

அதே பைக்கை ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் கடையில் பார்க்கலாம். பேச்சு அநேகமாக இப்படித்தான் ஆரம்பிக்கும்.

"ண்ணா, பின்னாடி டயர் ரொம்ப ஒல்லியா இருக்கு. பெருசா போட்டுக் குடுங்கண்ணா."

"இந்த ஸ்விங் ஆர்ம்ல அதுக்கு மேல போகாது தம்பி. வேற வண்டியோடது ஒண்ணு வாங்கிட்டு வா. லேத்ல குடுத்து புஷ் கடைஞ்சு மாட்டிடலாம்."

கேட்க சிம்பிளாக இருக்கிறது. ஒரு இரும்புத் துண்டைக் கழற்றி இன்னொன்றை மாட்டும் வேலைதானே? ஆனால், ஸ்விங் ஆர்ம் மாறினால் அதோடு சேர்ந்து செயின், ஷாக், பிரேக், வீல்பேஸ் எல்லாமே மாறும். அதில் ஒன்று உங்கள் ஆர்.சி.யிலேயே அச்சாகியிருக்கும் எண். அது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஸ்விங் ஆர்ம் என்றால் என்ன?

பைக்கின் சேஸிஸையும் பின் சக்கரத்தையும் இணைக்கும் கைதான் ஸ்விங் ஆர்ம். சில மெக்கானிக்குகள் ஸ்விங் ஃபோர்க் என்றும் சொல்வார்கள். ஃபுட்ரெஸ்ட் பக்கத்தில் சேஸிஸின் குறுக்கே ஒரு நீளமான போல்ட் போகும். அதன் பெயர் பிவட் போல்ட். கதவு கீலில் ஆடுவதுபோல, இந்த போல்ட்டை மையமாக வைத்து ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் ஆடும். அதன் மறுமுனையில் பின் சக்கரத்தின் ஆக்ஸில் உட்கார்ந்திருக்கும். குழியில் இறங்கி ஏறும்போது சக்கரம் துள்ளும். அந்தத் துள்ளலை ஷாக் அப்சார்பர் வாங்கிக்கொள்ளும்.

மேலும் கீழும் ஆட வேண்டும், ஆனால் இடது வலதாக ஆடவே கூடாது. அதுதான் இந்தக் கையின் முக்கிய வேலை. இன்ஜினின் இழுவை செயின் வழியாகச் சக்கரத்துக்கு வந்து, ஸ்விங் ஆர்ம் வழியாகத்தான் வண்டியை முன்னால் தள்ளுகிறது. டிரம் பிரேக் வண்டிகளில் பின் பிரேக் பிடிக்கும்போது வரும் முறுக்கு விசையையும் இதுவே தாங்குகிறது. பின்னால் இருவர் எடை, கூடவே சாப்பாட்டுப் பை, கேஸ் சிலிண்டர் என்று எது ஏறினாலும் சுமை இதன் மேல்தான்.

பட்ஜெட் பைக்குகளில் இது பெரும்பாலும் உருண்டைக் குழாய் அல்லது சதுரக் குழாயில் செய்த இரும்பு. விலை உயர்ந்த மாடல்களில் அகலமான பெட்டி வடிவம், சிலவற்றில் அலுமினியம். பார்வைக்கே ஒரு கெத்து. ஆசை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது?

2004-ல் ஹோண்டா யூனிகார்ன் வந்தபோது, இரண்டு ஷாக்குக்குப் பதிலாக நடுவில் ஒரே ஷாக் உள்ள மோனோஷாக் அமைப்பு சாதாரண 150 சிசி வாங்குபவர்களுக்கும் அறிமுகமானது. 2008-ல் யமஹா எஃப்இசட் 140/60-17 என்ற குண்டு டயரோடு வந்தது. அதுவரை ஒல்லியான டயரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது செம லுக். 'பின்னாடி டயர் பெருசா இருந்தாதான் பைக்' என்ற எண்ணம் பரவியதில் அந்த வண்டிக்குப் பங்கு உண்டு.

ஒப்பிட்டுப் பாருங்கள்: ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸின் பின் டயர் 80/100-18. அதாவது 80 மி.மீ. அகலம். அதன் ஸ்விங் ஆர்மின் இரண்டு கைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் அந்த டயருக்கு ஏற்றபடிதான் இருக்கும். அதில் 120, 130 டயரைத் திணிக்க முடியாது. அதனால்தான் 'வேற வண்டியோடது' தேடும் படலம் தொடங்குகிறது.

இன்னும் சில காரணங்களும் உண்டு. சிலருக்கு ரெட்டை ஷாக்கை மோனோஷாக்காக மாற்ற ஆசை. சிலர் பின் டிரம் பிரேக்குக்குப் பதில் டிஸ்க் போட நினைப்பார்கள். சிலருக்கு வண்டி நீளமாக, தாழ்வாகத் தெரிய வேண்டும். இன்னும் சிலருக்கு நிஜமாகவே ஒரு பிரச்சினை இருக்கும்: 'பள்ளிகொண்டா தாண்டி ஹைவேல போனா பின்னாடி ஆடுதுண்ணா.' இந்தக் கடைசி ஆளுக்குத்தான் இந்தக் கட்டுரையின் பிற்பகுதி முக்கியம்.

கம்பெனியே மாற்றியபோது என்ன செய்தது?

வேறு ஸ்விங் ஆர்ம் போடுவதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரிய, தயாரிப்பு நிறுவனங்களே அதைச் செய்தபோது என்ன நடந்தது என்று பார்ப்பது நல்லது.

பஜாஜ் பல்சர் 150-ஐ எடுத்துக்கொள்வோம். 2018-ல் இதன் ட்வின் டிஸ்க் பதிப்பு வந்தது. பெயர் அதே, சிசி அதே. ஆனால் ஸ்விங் ஆர்ம் நீளமானது. வழக்கமான பல்சர் 150-ன் வீல்பேஸ் 1320 மி.மீ.; ட்வின் டிஸ்க்கின் வீல்பேஸ் 1345 மி.மீ. வீல்பேஸ் என்பது முன் ஆக்ஸிலின் மையத்துக்கும் பின் ஆக்ஸிலின் மையத்துக்கும் இடையிலான தூரம். வித்தியாசம் வெறும் 25 மி.மீ., அதாவது ஒரு இன்ச். அந்த ஒரு இன்ச்சோடு நிறுவனம் பின் டயரை 120/80-17 ஆக அகலமாக்கியது, பின்னால் 230 மி.மீ. டிஸ்க் பிரேக் வைத்தது, முன் ஃபோர்க்கையும் தடிமனாக்கியது. பின்னால் மட்டும் மாற்றிவிட்டு முன்னால் பழையபடி விடவில்லை.

இன்னொரு உதாரணம் யமஹா ஆர்15. 2008-ல் வந்த முதல் பதிப்பின் வீல்பேஸ் 1290 மி.மீ., பின் டயர் 100/80-17. 2011-ல் வந்த இரண்டாம் பதிப்பில் இரும்பு ஸ்விங் ஆர்முக்குப் பதில் அலுமினியம். வீல்பேஸ் 1345 மி.மீ. ஆனது, பின் டயர் 130/70-17 ஆனது. கூடவே ஸ்ப்ராக்கெட் விகிதத்தையும் நிறுவனம் மாற்றியது. டயர் பெரிதாகி எடை கூடினால் இழுவை குறையும். அதை ஈடுகட்டத்தான் அந்த மாற்றம்.

முதல் பதிப்பு வைத்திருந்த பலரின் கண் இரண்டாம் பதிப்பின் ஸ்விங் ஆர்ம் மேல் விழுந்தது இயல்புதான். மாட்டியவர்களும் உண்டு. ஆனால், ஸ்விங் ஆர்மை மட்டும் வாங்கினால் செலவு அதோடு நிற்காது. 130 டயருக்கு அதற்கேற்ற அகல ரிம் வேண்டும். ரிம் மாறினால் ஹப், டிஸ்க், காலிப்பர் பிராக்கெட் எல்லாம் அதற்கு ஏற்றபடி வேண்டும். செயின் நீளம் மாறும். இத்தனைக்கும் இது ஒரே கம்பெனியின், ஒரே பெயருள்ள வண்டி. வேறு வேறு கம்பெனி வண்டிகளுக்குள் மாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆம்பூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஷூவின் அப்பரை ஒரு லாஸ்ட் மேல் இழுத்துத்தான் வடிவம் கொண்டுவருகிறார்கள். சோலும் அதே லாஸ்ட்டின் அளவுக்குத்தான் வரும். வேறு லாஸ்ட்டுக்குச் செய்த சோல் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், இந்த அப்பரில் ஒட்டினால் ஒரு ஓரம் பிதுங்கும். ஒட்டிவிடலாம், ஆனால் நடக்கும்போது பிய்ந்துவிடும்.

பொருந்த வேண்டிய ஐந்து இடங்கள்

'மாட்டியாச்சு, ஓடுது' என்பதற்கும், 'பொருந்தியிருக்கிறது' என்பதற்கும் வித்தியாசம் உண்டு. இந்த ஐந்து இடங்களில்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

1. பிவட் போல்ட், புஷ்: வேறு வண்டியின் ஸ்விங் ஆர்மில் பிவட் குழாயின் அகலம், போல்ட்டின் தடிமன் இரண்டும் வேறாக இருக்கும். லேத் பட்டறையில் புஷ் கடைந்தோ, வாஷர் போட்டோ சரிக்கட்டுவார்கள். இங்கே சின்ன இடைவெளி விட்டாலும் அது பின்னால் பெரிதாகும். ஒரு கணக்கு: பிவட் அகலம் 200 மி.மீ., ஆக்ஸில் வரை நீளம் 450 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிவட்டின் ஒரு முனையில் அரை மி.மீ. ஆட்டம் இருந்தால், சக்கரத்தில் அது ஒரு மி.மீ.க்கு மேல். வண்டி புதிதாக மாட்டிய அன்று தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடி புஷ் தேய்ந்த பிறகு, வளைவில் வண்டி நெளியும்போதுதான் தெரியும்.

2. செயின்: முன் ஸ்ப்ராக்கெட்டும் பின் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அகல டயர், வேறு ஹப் என்று போகும்போது பின் ஸ்ப்ராக்கெட் வெளிப்பக்கம் தள்ளும். செயின் சாய்வாக ஓடும், பல் ஒரு பக்கமாகத் தேயும், மோசமானால் ஓட்டத்திலேயே செயின் கழன்று சக்கரத்தில் சிக்கும். நீளமும் மாறும். சக்கரம் 25 மி.மீ. பின்னால் போனால், மேலேயும் கீழேயும் சேர்த்துச் செயினுக்குக் கூடுதலாக 50 மி.மீ. வேண்டும். கம்யூட்டர் வண்டிகளில் பரவலாக இருக்கும் 428 செயினின் ஒரு கண்ணி 12.7 மி.மீ.; ஆக நான்கு கண்ணிகள். பழைய செயினில் துண்டு சேர்த்து ஓட்டுவதைவிட, சரியான நீளத்தில் புது செயின் செட் போடுவதே பாதுகாப்பு.

3. ஷாக் அப்சார்பர்: ஸ்விங் ஆர்ம் என்பது ஒரு நெம்புகோல். அதே ஷாக், அதே இடத்தில் இருக்க, கை மட்டும் நீண்டால் சக்கரத்துக்கு நெம்பும் பலம் கூடும். ஸ்பிரிங் மென்மையானதுபோல் நடந்துகொள்ளும். பிவட்டிலிருந்து ஆக்ஸில் 450 மி.மீ. தூரத்தில் இருந்தது 500 மி.மீ. ஆனால், சக்கரத்தில் உணரும் ஸ்பிரிங்கின் விறைப்பு சுமார் 19 சதவீதம் குறையும். தனியாக ஓட்டும்போது 'சொகுசா இருக்கே' என்று தோன்றும். பின்னால் ஒருவர் ஏறி உட்கார்ந்து, ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும்போது 'டங்' என்று அடி வாங்கும். ரெட்டை ஷாக் வண்டியை மோனோஷாக்காக மாற்றுவது இதைவிடப் பெரிய வேலை. இரண்டு ஷாக்குகள் சீட்டுக்குக் கீழே இரு பக்கமும் பகிர்ந்து தாங்கிய சுமை, சேஸிஸின் நடுவில் ஒரே இடத்தில் விழும். அந்த இடம் அதற்காகச் செய்யப்பட்டது கிடையாது.

4. பிரேக்: இதுதான் மிக முக்கியமானது. டிரம் பிரேக் வண்டியில் பின் சக்கரத்தின் பிரேக் பிளேட்டையும் ஸ்விங் ஆர்மையும் ஒரு பட்டைக் கம்பி இணைத்திருக்கும். அதன் பெயர் டார்க் ஆர்ம். பிரேக் பிடிக்கும்போது பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் நிறுத்துவது இதுதான். வேறு ஸ்விங் ஆர்மில் இதை மாட்டும் காது வேறு இடத்தில் இருக்கலாம், இல்லாமலேகூடப் போகலாம். அவசரத்துக்கு ஒரு துண்டுக் கம்பியை வெல்டிங் வைத்து மாட்டினால், ஹைவேயில் ஓங்கிப் பிரேக் மிதிக்கும்போது அது விட்டுப்போகும். உடனே பிளேட் சுற்றி, பிரேக் ராடை இழுத்து, பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் வண்டிகளில் 125 சிசிக்கு மேல் என்றால் ஏபிஎஸ், 125 சிசி வரை என்றால் குறைந்தது சிபிஎஸ் கட்டாயம். சிபிஎஸ் வண்டியில் பின் பிரேக் பெடலை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். பின் பிரேக் ராடின் நீளமும் கோணமும் மாறினால், முன் பின் பிரேக்குகளுக்கு இடையிலான அந்தப் பங்கீடும் மாறும். பின் சக்கரத்தில் ஏபிஎஸ் சென்சார் உள்ள வண்டியென்றால், சென்சாருக்கும் பல் வளையத்துக்கும் இடையிலான நூலிழை இடைவெளி சரியாக இருக்க வேண்டும்.

5. உரசல், மறைப்பு: சக்கரம் முழுதாக மேலே ஏறும்போது டயர் மட்கார்டில் இடிக்கிறதா? செயின் டயரை உரசுகிறதா? சென்டர் ஸ்டாண்ட், சைலன்ஸர் தட்டுகிறதா? இவற்றைச் சரிக்கட்ட முதலில் கழற்றி எறியப்படுவது செயின் கவரும் சாரி கார்டும்தான். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 123-வது விதி, பின்னால் உட்காருபவரின் உடை சிக்காமல் இருக்க, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது. சேலையிலும் துப்பட்டாவிலும் வேலைக்குப் போகும் பெண்கள் தினமும் பின் சீட்டில் ஏறும் ஊர்களில் இதை விளக்கவே வேண்டியதில்லை.

நீட்டி வெல்டிங் வைத்தால்?

வேறு ஸ்விங் ஆர்ம் கிடைக்காதபோது, இருப்பதையே அறுத்து, நடுவில் குழாய் சேர்த்து நீட்டுவதும் நடக்கிறது. டிராக் ரேஸ் வண்டிகளின் படங்களைப் பார்த்து வந்த ஐடியா இது. நேர்கோட்டில் சில நூறு மீட்டர் மட்டும் ஓடும் டிராக் வண்டியில், முன் சக்கரம் தூக்கிக்கொள்ளாமல் இருக்கத்தான் கையை நீட்டுகிறார்கள். அதற்குக் குழிகளும் கிடையாது, யூ-டர்னும் கிடையாது, பின் சீட்டில் ஆளும் கிடையாது. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓடுவது வேறு. லாரிகளுக்கு நடுவே ஆம்பூர் சர்வீஸ் ரோட்டில் ஓடுவது வேறு.

வெல்டிங் வைத்த இடத்தில் மேல்பூச்சு நன்றாக இருக்கலாம். ஆனால் சூடு பட்ட பகுதியில் உலோகத்தின் தன்மை மாறியிருக்கும். ஒவ்வொரு குழியிலும் வளைந்து நிமிரும் ஒரு பாகத்தில், விரிசல் அந்த ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். முதலில் தலைமுடி போன்ற கோடு. பெயின்ட்டுக்கு அடியில் கண்ணுக்கே தெரியாது. அலுமினிய ஸ்விங் ஆர்ம் என்றால் இன்னும் சிக்கல். அதை இரும்புபோல் சாதாரண ஆர்க் வெல்டிங்கில் ஒட்ட முடியாது. டிக் வெல்டிங் வேண்டும். அப்படிச் செய்தாலும், பாகத்தைத் தயாரித்தபோது சூடேற்றிக் கொடுத்த பலம் அந்த இடத்தில் குறைந்துவிடும்.

செகண்ட் ஹேண்ட் ஸ்பேரிலும் ஒரு எச்சரிக்கை. சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கிடைக்கும் பழைய ஸ்விங் ஆர்ம் எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டி ஏன் உடைக்கப்பட்டது என்று வாங்குபவருக்குத் தெரியாது. விபத்தில் ஓரிரு மி.மீ. முறுக்கிய கை கண்ணுக்கு நேராகவே தெரியும். குழாய்க்குள் உள்ள துருவும் வெளியே தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு இதைப் பேசுகிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பு நிறுவனம் முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்பதுதான் அதன் சாரம். வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் வகையில் கட்டமைப்பில் செய்யும் மாற்றம்தான் 'மாற்றம்' என்றும் அந்தப் பிரிவு விளக்குகிறது. சக்கரத்தைத் தாங்கும் கையை வேறு அளவில் மாற்றுவதை, ஸ்டிக்கர் ஒட்டுவதோடு ஒப்பிட முடியாது.

உங்கள் ஆர்.சி. ஸ்மார்ட் கார்டை எடுத்துப் பாருங்கள். சிசி, எடை, சீட் எண்ணிக்கை ஆகியவற்றோடு 'வீல்பேஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். ஸ்ப்ளெண்டர் பிளஸ் என்றால் 1236 மி.மீ. நீளமான ஸ்விங் ஆர்ம் மாட்டினால், வண்டியின் அளவும் கார்டில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாது. 52-வது பிரிவு சொல்லும் முரண்பாடு இதுதான்.

இந்தப் பிரிவை உச்ச நீதிமன்றமும் விளக்கியிருக்கிறது. கேரளாவிலிருந்து வந்த வழக்கில், 2019 ஜனவரி 9-ம் தேதி நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு தீர்ப்பளித்தது. தயாரிப்பு நிறுவனம் கொடுத்த அசல் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது என்று சொல்லி, கேரள உயர் நீதிமன்றத்தின் உத்தரவை ரத்து செய்தது.

அதே ஆண்டு சட்டத் திருத்தமும் வந்தது. 2019 செப்டம்பர் முதல் அமலுக்கு வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதிக்கப்படாத வகையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். ஸ்விங் ஆர்ம், சைலன்ஸர் என்று தனித்தனியாக எண்ணப்படலாம்.

'கம்பெனி மட்டும் மாத்தலாமா?' என்ற கேள்வி நியாயமானது. கம்பெனி ஒரு மாடலை விற்பனைக்குக் கொண்டுவரும் முன் புனேயில் உள்ள ஏஆர்ஏஐ, சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி போன்ற அங்கீகாரம் பெற்ற மையம் ஒன்றில் சோதனைக்குக் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதுவரை அங்கே அளப்பார்கள். மெக்கானிக் கடையில் அந்தச் சோதனை, கடை வாசலில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பதோடு முடிகிறது.

அதே மாடலுக்கு கம்பெனி விற்கும் ஒரிஜினல் ஸ்விங் ஆர்மை, பழையது துருப்பிடித்ததால் மாற்றினால்? அது ரிப்பேர். அளவு எதுவும் மாறவில்லை என்பதால் கவலை இல்லை. பில்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

விபத்துக்குப் பிறகு உங்கள் வண்டியின் சேதத்துக்கு க்ளெய்ம் போட்டால் சர்வேயர் வந்து பார்ப்பார். ஆர்.சி. விவரமும் வண்டியும் ஒத்துப்போகிறதா என்பது அவர் கவனிக்கும் விஷயங்களில் ஒன்று. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி நிறுவனம் தொகையைக் குறைக்கலாம், மறுக்கலாம். பிரேக் சரியாகப் பிடிக்காததுதான் விபத்துக்குக் காரணம் என்ற கேள்வி எழுந்தால், அந்த ஸ்விங் ஆர்ம் உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். வாரண்டி காலத்தில் உள்ள வண்டி என்றால், பின்பக்கத்தில் வரும் எந்தப் பழுதுக்கும் சர்வீஸ் சென்டர் முதலில் கைகாட்டுவது இந்த மாற்றத்தைத்தான்.

மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அந்த ஆண்டு அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள். பின் சீட்டில் உட்காருபவருக்கு வண்டியில் என்ன மாற்றினார்கள் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பார்ட் வாங்கும்போது அவரிடம் யாரும் கேட்பதும் இல்லை.

அப்போ என்னதான் பண்ணலாம்?

முதலில், எதற்காக மாற்ற நினைக்கிறீர்கள் என்று பிரித்துப் பாருங்கள்.

'வண்டி பின்னால் ஆடுது' என்றால்: ஸ்விங் ஆர்மை மாற்றும் முன் புஷ்ஷைப் பாருங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு கையால் சீட்டுக்குக் கீழே சேஸிஸைப் பிடித்து, மறு கையால் பின் சக்கரத்தின் விளிம்பை இடது வலதாக ஆட்டுங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது வீல் பேரிங் போயிருக்கலாம். ஸ்விங் ஆர்மே ஆடுகிறதா, சக்கரம் மட்டும் ஆடுகிறதா என்று உற்றுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இரண்டுமே ஒரிஜினல் ஸ்பேர் வாங்கி மாற்றக்கூடியவை. பல வருடம் ஓடிய வண்டியில் இந்த வேலைக்குப் பிறகு 'புது வண்டி மாதிரி இருக்கு' என்று சொல்பவர்கள் அதிகம். செலவும் புது ஸ்விங் ஆர்ம், வீல், டயர், செயின் செட்டோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

'பின்னால் இருவர் உட்கார்ந்தால் அடிக்குது' என்றால்: ரெட்டை ஷாக் வண்டிகளில் ஸ்பிரிங்கின் விறைப்பைச் சில படிகளில் ஏற்றிக்கொள்ளும் வசதி பரவலாக உண்டு. தனியாகப் போகும்போது ஒரு படி, ஜோடியாகப் போகும்போது ஒரு படி. பலர் வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். டயர் காற்றழுத்தமும் இருவர் செல்லும்போது வேறு. செயின் கவர் அருகே உள்ள ஸ்டிக்கரிலோ ஓனர் மேனுவலிலோ எண் இருக்கும். எண்ணெய் கசியும் ஷாக் என்றால் அதே மாடலுக்கான புது ஷாக்.

'பிடிப்பு பத்தல' என்றால்: அகல டயரைவிட நல்ல டயர்தான் முக்கியம். அதே சைஸில் தரமான டயரும், தேய்ந்ததைத் தள்ளிப்போடாமல் மாற்றும் பழக்கமும் போதும். ரிம்முக்கு மீறிய அகல டயர் போட்டால், ஓரங்கள் உள்ளே இழுக்கப்பட்டு டயரின் வடிவமே மாறி, வளைவில் பிடிப்பு குறையும்.

'எனக்கு லுக்தான் வேணும்' என்றால்: அதுவும் ஒரு ஆசைதான், தப்பில்லை. அகல டயரும் பெட்டி ஸ்விங் ஆர்மும் தொழிற்சாலையிலேயே மாட்டி வந்த செகண்ட் ஹேண்ட் பைக் ஒன்றுக்கு இப்போதைய வண்டியை எக்ஸ்சேஞ்ச் போடுவது பற்றிக் கணக்குப் போடுங்கள். மாற்று வேலைக்கு ஆகும் மொத்தச் செலவை எழுதிக் கூட்டினால் பலருக்கு அந்த வழியே லாபமாக இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் மாற்றியே தீருவது என்றால், 52-வது பிரிவின் வழி ஒன்றுதான்: வேலையைத் தொடங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் விவரம் சொல்லி, அனுமதி கிடைக்குமா என்று கேட்க வேண்டும். இல்லை என்று பதில் வந்தால், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஏற்கெனவே மாட்டியாச்சே!

மாட்டியிருந்தால், அல்லது மாட்டிய வண்டியைத் தெரியாமல் வாங்கியிருந்தால், உடனே பார்க்க வேண்டியவை: டார்க் ஆர்ம் இரண்டு முனைகளிலும் ஒழுங்கான போல்ட், நட், பூட்டு பின்னோடு இருக்கிறதா? பிவட்டில் ஆட்டம் இருக்கிறதா? வெல்டிங் வைத்த இடங்களில் பெயின்ட் வெடித்திருக்கிறதா, துருக்கோடு தெரிகிறதா? பின்னாலிருந்து பார்த்தால் செயின் நேராக ஓடுகிறதா? இதில் ஒன்று சரியில்லை என்றாலும் பின் சீட்டில் யாரையும் ஏற்றாதீர்கள். பழைய ஸ்விங் ஆர்ம் வீட்டில் இருந்தால் திரும்ப மாட்டுவதுதான் நல்ல வழி. மாற்றும் வேலை செய்பவர்களில் பலர் பழையதை எடைக்குப் போட்டுவிடுவதுதான் இங்கே சிக்கல்.

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எளிய டெஸ்ட். தையல் கடை டேப் போதும். ஹேண்டில்பாரை நேராக வைத்து, முன் ஆக்ஸிலின் மையத்திலிருந்து பின் ஆக்ஸிலின் மையம் வரை அளங்கள். அதை ஆர்.சி.யில் உள்ள வீல்பேஸ் எண்ணோடு ஒப்பிடுங்கள். செயின் இறுக்கத்துக்காக ஆக்ஸிலை முன்னும் பின்னும் நகர்த்துவதால் சில மி.மீ. கூடக் குறைய இருக்கும், அது சகஜம். ஒரு இன்ச், இரண்டு இன்ச் என்று வித்தியாசம் வந்தால், ஒன்று ஸ்விங் ஆர்மை மாற்றியிருக்கிறார்கள், இல்லையென்றால் அந்த வண்டி முன்னால் எங்கோ மோதி வளைந்திருக்கிறது. எதுவாக இருந்தாலும், அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஓனரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.